இருநூற்று நாற்பது நிமிஷங்கள்

கூடைப்பந்தாட்டம் பார்ப்போரிற் பெரும்பாலோர் பந்தைப் பார்க்கின்றனர். நானோ சில ஆண்டுகளாக வாங்கைப் பார்க்கப் பழகிவிட்டேன். களத்தின் ஓரத்திலே வரிசையாய் அமர்ந்திருப்போரின் முகங்களிலே ஆட்டத்தின் மற்றொரு பாதி எழுதப்பட்டிருக்கிறது. ஒருவன் துவாயைத் தோளிற் போட்டுக்கொண்டு, களத்தை விட்டுக் கண்ணெடாமல் இருக்கிறான். இன்னொருவன் பயிற்றுநரின் கைச்சைகையை எதிர்பார்த்து, மேலங்கியை முன்னதாகவே கழற்றிவிட்டுக் காத்திருக்கிறான். வேறொருவன், இன்று தன்னை அழைக்கப் போவதில்லை என்பதை உணர்ந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகப் பொழுதைப் போக்குகிறான். அமெரிக்க ஆட்டங்களைத் தொலைக்காட்சியிலே காணும்போது, படப்பிடிப்பாளர் தமது கருவியை அந்தப் பக்கம் திருப்பும் சில கணங்களுக்காகவே நான் காத்திருப்பதுண்டு.

நம் நாட்டு வாசகர்களுக்கு நன்கு பழக்கமான கிரிக்கெட்டிலே இந்தச் சங்கடம் அதிகமில்லை. பதினொருவரைத் தெரிந்தாயிற்றென்றால், அணித்தலைவரின் மனக்குறையும் வெளியே நிற்பவரின் மனக்குறையும் அன்று காலையோடு முடிந்துவிடும். கூடைப்பந்திலோ தெரிவு ஆட்டம் முழுவதும் நடந்துகொண்டே இருக்கிறது. களத்திலே ஐவர். அமெரிக்கத் தேசிய கூடைப்பந்துச் சங்கத்தின் ஆட்டமொன்றுக்கு நாற்பத்தெட்டு நிமிஷங்கள். ஐந்தை நாற்பத்தெட்டாற் பெருக்கினால் 240. பயிற்றுநரின் கையிருப்பு அவ்வளவே. பணத்தை முதலாளி தருவார். புகழைப் பத்திரிகை தரும். பயிற்றுநர் தரக்கூடியது இந்த 240 நிமிஷங்களை மாத்திரமே. எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்பது விதி. ஆனால், ஒருவனுக்கு ஒரு நிமிஷம் கூட்டினால் இன்னொருவனுக்கு ஒரு நிமிஷம் குறையும் என்பதும் விதியே. பத்தொன்பது வயதுப் பையனுக்குக் கொடுக்கும் நிமிஷம் முப்பத்தைந்து வயதுக்காரரின் மடியிலிருந்து எடுக்கப்படுகிறது. எடுத்ததை எவரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதிலேதான் பயிற்றுநரின் தராதரம் வெளிப்படுகிறது என்பது என் எண்ணம். தந்திரங்களும் வியூகங்களும் புத்தகங்களிலே கிடைக்கும், அது கிடைக்காது.

இந்த விஷயத்தை ஆராய விரும்புவோருக்குக் கிரெக் பொப்போவிச்சின் வாழ்வைப் போன்ற பாடநூல் பிறிதில்லை. டெக்ஸஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரின் ஸ்பேர்ஸ் கோஷ்டிக்கு 1996 டிசம்பரிலே பயிற்றுநரானவர், 2025 மே மாதம் வரை அந்தப் பதவியில் இருந்தார். 1999, 2003, 2005, 2007, 2014 என ஐந்து முறை அக்கோஷ்டி வாகை சூடியது. அமெரிக்க ஆகாயப் படைக் கல்லூரியிலே சோவியத் நாட்டைப் பற்றிப் படித்துப் பட்டம் பெற்றவர் அவர். பின்னர் கலிபோர்னியாவிலே, விளையாட்டுக்கென்று ஒருவரும் சேராத பொமோனா–பிட்சர் என்னும் சிறு கல்லூரிகளின் கோஷ்டியைப் பயிற்றுவித்தார். முதற் பருவத்திலே இரண்டு வெற்றி, இருபத்திரண்டு தோல்வி. அங்கே அவரிடம் ஆடியவர்கள் மாலையிற் பந்தையும் இரவிற் புத்தகத்தையும் பிடித்த மாணவர்கள். புலமைப் பரிசிலுக்காகவோ பணத்துக்காகவோ வராத ஒருவனை வாங்கிலே இருத்துவதற்கு நியாயம் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்தப் பழக்கம் பிற்காலத்திலே கோடீஸ்வரர்களிடத்தும் அவருக்கு உதவியிருக்க வேண்டும்.

2001ஆம் ஆண்டிலே டோனி பார்க்கர் என்னும் பிரெஞ்சு இளைஞன் அவர் முன்னே வந்து நின்றான். பெல்ஜியத்திற் பிறந்து பிரான்சில் வளர்ந்தவன். முதற் பரீட்சையிலே அவனை எதிர்த்து ஆடுவதற்கு, முன்னாள் ஆட்டக்காரர் ஒருவர் நிறுத்தப்பட்டார். அவருடைய முரட்டுத்தனத்தின் முன்னே பையன் சுருண்டு போனான். பொப்போவிச் பத்து நிமிஷத்துக்குள் அவனை வேண்டாமென்று முடிவுகட்டிவிட்டார். பின்னர் அவன் ஆடிய ஆட்டங்களின் படச்சுருளைப் போட்டுக் காட்டிய பிறகே மீண்டும் அழைக்க இசைந்தார். இரண்டாம் பரீட்சையிலே அதே பையன் வேறு ஆளாக ஆடினான். அவ்வாண்டுத் தெரிவிலே இருபத்தெட்டாவது பெயராக அவனை ஸ்பேர்ஸ் எடுத்தது. அப்பருவம் தொடங்கிச் சில ஆட்டங்களுக்குள்ளேயே, பத்தொன்பது வயதான அவன் கையிலே கோஷ்டியின் கடிவாளம் கொடுக்கப்பட்டது. பந்தைக் கொண்டுசென்று மற்ற நால்வரையும் இயக்கும் அந்த இடம் படகிலே சுக்கான் பிடிப்பவனுடைய இடத்தைப் போன்றது. டேவிட் ரொபின்சன், டிம் டங்கன் ஆகிய பெருமலைகளுக்கு இந்தச் சிறுவன் கட்டளையிட வேண்டும்!

இடத்தைக் கொடுத்தாரேயன்றிச் சலுகை கொடுத்தாரல்லர். அந்நாட்களில் பொப்போவிச் பார்க்கரை ஏசிய ஏச்சு அமெரிக்கப் பத்திரிகைகளிலே கதையாயிற்று. ஏச்சைவிட வலித்திருக்கக்கூடியவை 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள். மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றிலே, டல்லஸ் கோஷ்டிக்கு எதிரான ஆறாம் ஆட்டத்திலே, பார்க்கர் நோயுற்றுத் தளர்ந்திருந்தார். வாரக்கணக்காக வாங்கைத் தேய்த்துக்கொண்டிருந்த ஸ்டீவ் கேர் என்னும் முப்பத்தேழு வயதினர் அழைக்கப்பட்டார். அவர் எழுந்து சென்று மூன்று புள்ளி எறிகள் நான்கை எறிந்தார். நான்கும் கூடையில் விழுந்தன. ஸ்பேர்ஸ் வென்றது. வாங்கிலே இருப்பவன் எந்நேரமும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும் என்று பயிற்றுநர்கள் எல்லோரும் உபதேசிப்பர். அப்படி ஆயத்தமாயிருந்த ஒருவரை நான் கண்டது அன்றுதான். பின்னாளிலே அந்தக் கேர் கோல்டன் ஸ்டேட் கோஷ்டியின் பயிற்றுநராகிப் பல முறை வாகை சூடினார் என்பதை வாசகர்கள் அறிவர்.

அதற்கடுத்த இறுதிப் போட்டியிலே, நியூ ஜேர்சியை வென்று வாகை சூடிய கடைசி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்திலே, சுக்கானைப் பிடித்திருந்தவர் பார்க்கர் அல்லர். ஸ்பீடி கிளாக்ஸ்டன் என்னும் துணை ஆட்டக்காரரையே பொப்போவிச் களத்தில் நிறுத்தியிருந்தார். பருவம் முழுவதும் ஆடிய இருபத்தொரு வயது இளைஞன், வாகை கையிலே கிட்டும் வேளையிலே வாங்கில் இருந்து கை தட்டினான். போதாக்குறைக்கு அந்தக் கோடையிலேயே, எதிரணியின் புகழ்பெற்ற ஜேசன் கிட்டைத் தமது கோஷ்டிக்கு அழைத்து அந்த இடத்தைக் கொடுக்க ஸ்பேர்ஸ் முயன்றது. கிட் வரவில்லை. வந்திருந்தால் பார்க்கரின் கதை வேறாயிருக்கும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2007ஆம் ஆண்டு இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராக அதே பார்க்கர் தெரிவானார். ஐரோப்பியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. கடுமைதான் அவரை உருவாக்கியது என்று இதனைக் காட்டிச் சிலர் வாதிப்பர். நான் அவ்வளவு எளிதாக ஒப்பமாட்டேன். கடுமையினால் ஒடிந்து போனவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரிவதில்லை. பார்க்கர் தாங்கினார் என்பதே உண்மை. ஏன் தாங்கினார் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதன் பெயர் டிம் டங்கன்.

டங்கன் அந்தக் கோஷ்டியின் உச்சியிலே இருந்தவர். 1997இலே முதலாவது பெயராகத் தெரிவாகி வந்த நாள் தொட்டு 2016இலே ஓய்வு பெறும் வரை வேறு கோஷ்டியை அறியாதவர். பொப்போவிச் எல்லோர் முன்னிலையிலும் ஏசுவதற்கு அவர் இடங்கொடுத்தார். தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டு போய் ஆடினார். ஊரின் பெரிய மனிதரே வரிசையில் நின்று காத்திருக்கும்போது, சிறியவன் எப்படி முண்டியடித்துக்கொண்டு போவான்? இளையோரைத் திருத்துவதற்கு இளையோரை ஏசினாற் போதாது, மூத்தவரிடமிருந்து தொடங்கவேண்டும் என்பதைப் பொப்போவிச் அறிந்திருந்தார். ஆனால் அப்படித் தொடங்க இசையும் மூத்தவர் ஒருவர் கிடைப்பது பயிற்றுநரின் சாமர்த்தியத்திலே மாத்திரம் தங்கியதன்று. அது அதிர்ஷ்டம்.

மனு ஜினோபிலியின் விஷயம் இதனினும் நுட்பமானது. ஆர்ஜன்டீனாவின் பஹியா பிளாங்கா என்னும் துறைமுக நகரத்தவர். 1999ஆம் ஆண்டுத் தெரிவிலே ஐம்பத்தேழாவது பெயர், கடைசிக்கு முந்தியது. இத்தாலியிலே போலோஞா கோஷ்டியுடன் ஐரோப்பிய வாகை சூடிவிட்டு 2002இலே சான் அன்டோனியோ வந்தார். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டியிலே அவருடைய நாடு அமெரிக்காவை 89க்கு 81 என அரையிறுதியிலே வீழ்த்தித் தங்கம் வென்றது. அந்த ஆட்டத்திலே ஜினோபிலி எடுத்தவை இருபத்தொன்பது புள்ளிகள். தோற்ற அமெரிக்கக் கோஷ்டியின் உதவிப் பயிற்றுநர்களுள் ஒருவர் பொப்போவிச்! தம் ஆளின் பெறுமதியைத் தோல்வியின் வழியாகவும் அறிந்துகொண்டவர் என்று சொல்லலாம்.

இத்தகையவரைத்தான், 2007 தொடக்கம், பெரும்பாலும் வாங்கிலிருந்து எழுந்து வரும்படி அவர் கேட்டுக்கொண்டார். ஆட்டத்தின் தொடக்கத்திலே ஐவருடைய பெயர்கள் ஒவ்வொன்றாக அழைக்கப்படும், விளக்குகள் மங்கும், மக்கள் ஆரவாரிப்பர். அந்த ஐவருள் ஒருவனாயிருப்பது ஆட்டக்காரனுக்கு அந்தஸ்து. அதை விட்டுக்கொடுக்கச் சொல்வது, சபையிலே முன்வரிசையிலிருந்து எழுந்து பின்னே போய் இருக்கச் சொல்வதைப் போன்றது. ஜினோபிலி அதனை உடனே மகிழ்ந்து ஏற்றார் என்றில்லை. தமக்கு அது கசந்ததென்று பிற்காலத்திலே அவரே கூறியிருக்கிறார்.

பயிற்றுநரின் கணக்கு என்னவெனில் இதுதான்: ஆறேழு நிமிஷம் சென்றபின் இரு கோஷ்டிகளும் முதல்வர்களை இளைப்பாற விட்டு, இரண்டாம் தரத்தினரை இறக்கும். அவ்வேளையிலே நம்மிடம் ஒரு முதல்தரத்தினன் இருந்தால் அந்தச் சில நிமிஷங்கள் பயிர் விளையும் நிலமாகும். பந்து முழுவதும் அவன் கையில் இருக்கும். டங்கனுடனும் பார்க்கருடனும் பங்கிட வேண்டியதில்லை. கடைசி நிமிஷங்களிலே அவன் களத்திலேதான் இருப்பான். இந்த ‘ஆறாவது ஆள்’ என்ற ஏற்பாடு பொப்போவிச் கண்டுபிடித்ததன்று. பொஸ்டன் கோஷ்டியின் பயிற்றுநர் ரெட் அவர்பாக் 1950களிலும் 60களிலும் பிராங்க் ராம்சி, ஜோன் ஹவ்லிசெக் ஆகியோரைக் கொண்டு அதனை நடத்திக் காட்டியிருக்கிறார். ஆனால், தன் நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்த முழு வயதினனிடம் போய் அதைக் கேட்பதற்குத் துணிவு வேண்டும். 2008இலே சிறந்த ஆறாவது ஆளுக்கான விருது ஜினோபிலிக்குக் கிடைத்தது. 2018இலே ஓய்வு பெறும் வரையிலும் அவர் பெரும்பாலும் வாங்கிலிருந்தே எழுந்து வந்தார்.

ஆண்டுகள் சென்றன, மூவருக்கும் வயது ஏறியது. ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். முழங்கால்கள் எண்ணெய் தீர்ந்த வண்டிச் சில்லுகளாகின்றன. பொப்போவிச் அப்போது செய்யத் தொடங்கியது பலருக்கு ஆத்திரமூட்டியது. முதல்வர்களை முழு ஆட்டங்களுக்கு ஆடவிடாது இளைப்பாற வைத்தார். 2012 மார்ச்சிலே ஓர் ஆட்டத்தின் அறிக்கையிலே, டங்கன் ஆடாமைக்குக் காரணம் எழுதவேண்டிய இடத்திலே ‘முதுமை’ என்று போடப்பட்டிருந்தது. காயமென்று பொய் எழுதாமல் இப்படி எழுதிய குறும்பை நான் மிகவும் இரசித்தேன்.

அதே ஆண்டு நவம்பர் 29ஆந் தேதி விஷயம் முற்றியது. மியாமியிலே, நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் ஆட்டம். ஐந்து இரவுகளிலே ஸ்பேர்ஸுக்கு அது நான்காவது ஆட்டம். டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டனி கிறீன் ஆகிய நால்வரையும் பொப்போவிச் ஆட்டத்துக்கு முன்னரே விமானமேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார். எஞ்சியவர்கள், பெரும்பாலும் இளையோர், முதல் ஆண்டு வாகை சூடிய மியாமியுடன் இறுதி வரை மல்லுக்கட்டி 105க்கு 100 எனத் தோற்றனர். சங்கத்தின் ஆணையாளர் டேவிட் ஸ்டேர்ன் வெகுண்டு, கோஷ்டிக்கு இரண்டரை இலட்சம் டொலர் தண்டம் விதித்தார்.

நியாயம் எவர் பக்கம்? வேறு பிரிவைச் சேர்ந்த ஸ்பேர்ஸ், சாதாரண பருவத்திலே மியாமிக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறைதான். டங்கனைக் கண்ணாற் காட்டவென்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சீட்டு வாங்கி வந்த தகப்பனுக்கு நாம் என்ன பதில் சொல்வது? அவனுடைய மனக்குறை உண்மையானது. அதைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அதே இரவிலே, வழக்கமாக நாலைந்து நிமிஷங்களுக்கு மேல் காணாத இளையவர்கள் வாகையரை எதிர்த்து நின்று ஆடினார்களே, அந்த அனுபவத்தை எந்தப் பயிற்சிக் கூடத்திலே கொடுக்க முடியும்? முதியவருக்கு ஓய்வு என்பதும் இளையவருக்கு வாய்ப்பு என்பதும் ஒரே நாணயத்தின் பெயர்கள். தண்டம் விதித்தவர்கள் முதற் பெயரை மாத்திரம் வாசித்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

விமானத்தில் அனுப்பப்பட்டோருள் ஒருவரான டனி கிறீனின் வரலாறும் சொல்லத்தக்கது. கிளீவ்லண்ட் கோஷ்டி விலக்கிய அவரை ஸ்பேர்ஸும் எடுத்தும் விலக்கியும் பார்த்தது. அவர் கீழ்த்தரச் சுற்றுப் போட்டியிலே ஆடித் திரும்பி வந்தவர். கீழ்த்தரச் சுற்றிலே ஆடும் ஒஸ்டின் நகரக் கோஷ்டியை 2007இலேயே ஸ்பேர்ஸ் விலைக்கு வாங்கி, இளையவர்களை நாற்றுமேடையிற் போல அங்கே நட்டு வளர்த்தது. வாங்கிலே ஆறு மாதம் இருந்து துருப்பிடிப்பதைவிட, ஒஸ்டினிலே முப்பத்தைந்து நிமிஷம் ஆடுவது மேல் என்பது அவர்களுடைய கொள்கை. 2013 இறுதிப் போட்டியிலே கிறீன் மூன்று புள்ளி எறிகள் இருபத்தேழைக் கூடையிலிட்டார்; அது அப்போது ஒரு சாதனை.

அந்த 2013 இறுதிப் போட்டியைப் பற்றி எழுதாமல் விடுவதற்கில்லை. ஜூன் 18ஆந் தேதி, ஆறாம் ஆட்டம். முப்பது விநாடிகூட இல்லை. ஸ்பேர்ஸ் ஐந்து புள்ளிகள் முன்னே. வாகையைக் கொடுக்கும் மேடைக்கு மஞ்சள் கயிறு கட்டிவிட்டனர். எதிரணி மூன்று புள்ளிக்கு எறியும் என்பது வெளிப்படை. எறிபவர்களைத் துரத்திப் பிடிக்க வேகமான கால்கள் வேண்டும். ஆகவே உயரமான டங்கனை வெளியே அழைத்து, வேகமானவர்களைப் பொப்போவிச் களத்தில் நிறுத்தினார். லெப்ரோன் ஜேம்ஸ் எறிந்தது தவறியது, பந்து எழும்பியது, எடுப்பதற்கு டங்கன் இல்லை. பந்து மீண்டும் ஜேம்ஸிடமே வந்தது, மூன்று புள்ளி. பின்னர் இருபத்தொரு வயதான கவாய் லெனர்ட் இரண்டு தண்ட எறிகளுள் ஒன்றைத் தவறவிட்டார். மீண்டும் டங்கன் வெளியே. மீண்டும் ஜேம்ஸின் எறி தவறியது. மீண்டும் பந்து எழும்பியது. மியாமியின் கிறிஸ் பொஷ் அதனைப் பற்றிக் கொடுக்க, ரே அலன் மூலையிலே பின்னோக்கிக் கால்வைத்து எறிந்தார். ஆட்டம் சமநிலை. மேலதிக நேரத்திலே 103க்கு 100 என மியாமி வென்றது. ஏழாம் ஆட்டத்தையும் வென்று வாகையைக் கொண்டு சென்றது.

டங்கனை வெளியே எடுத்தது பெரும் பிழை என்று அன்று முதல் இன்று வரை சொல்லுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. அத்தகைய கட்டங்களிலே பருவம் முழுவதும் செய்ததையே அன்றும் செய்தார். இரண்டு முறையும் முதலெறி தவறியது, அவர் விரும்பியபடியே. எழும்பிய பந்து எங்கே விழும் என்பதைப் பந்தல்லவா தீர்மானிக்கிறது! ஆனால், முப்பத்தேழு வயதான ஒரு மாமனிதர், தம் வாழ்நாளின் கடைசி வாய்ப்பாயிருக்கக்கூடிய கணத்திலே வாங்கில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கும்போது எந்தக் கணக்கும் ஆறுதலாயிருப்பதில்லை.

மறு பருவம் ஸ்பேர்ஸ் கோஷ்டி ஆடிய விதத்தை நான் ஆட்டம் என்பதைவிடப் பங்கீடு என்பேன். 2013–14 பருவத்திலே 62 வெற்றிகள். தொடர்ச்சியாகப் பத்தொன்பது வெற்றிகள். அவ்வளவிருந்தும் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக முப்பது நிமிஷம் ஆடியவர் ஒருவர்கூட இல்லை. ஆகக் கூடுதலாக ஆடிய பார்க்கருக்கும் அந்த எல்லை எட்டவில்லை. சங்கத்தின் வரலாற்றிலே அதற்கு முன் எந்தக் கோஷ்டியும் அவ்வாறு இருந்ததில்லை. அவுஸ்திரேலியாவின் பட்டி மில்ஸ், இத்தாலியின் மார்கோ பெலினெல்லி, பிரான்சின் போரிஸ் டியாவ், பிரேசிலின் தியாகோ ஸ்பிளிட்டர் என அந்த வாங்கே ஒரு சிறு ஐக்கிய நாடுகள் சபை. ஜூனிலே அவர்கள் களைப்பில்லாமல் வந்து நின்றனர். எதிரே மறுபடியும் மியாமி.

முதலிரு ஆட்டங்களிலே ஆளுக்கொன்று. லெனர்ட் ஒன்பதும் ஒன்பதுமாகவே புள்ளி எடுத்திருந்தார். இவர் 2011இலே, பொப்போவிச் பெரிதும் நேசித்த ஜோர்ஜ் ஹில்லைக் கொடுத்துப் பெற்றுக்கொண்ட பிள்ளை. பேசாதவர், அகன்ற கையினர். எறியும் கை கோணலாயிருந்ததைச் சிப் எங்கெலண்ட் என்னும் எறிப் பயிற்றுநர் திருத்தியிருந்தார். மூன்றாம் ஆட்டத்திலே பொப்போவிச் ஸ்பிளிட்டரை வாங்குக்கு அனுப்பி, பந்தைச் சாதுரியமாகப் பகிரும் டியாவை முதல் ஐவருள் வைத்தார். முதியவர்களுக்காகக் காத்திராமல் நீயே தாக்கு என்பதே லெனர்டுக்குச் சொல்லப்பட்ட செய்தி. அடுத்த மூன்று ஆட்டங்களிலே அவர் எடுத்தவை 29, 20, 22. கடைசி ஆட்டத்தின் தொடக்கத்திலே ஸ்பேர்ஸ் பதினாறு புள்ளிகள் பின்தங்கியது. வாங்கிலிருந்து ஜினோபிலி எழுந்து வந்தார், மில்ஸ் எழுந்து வந்தார், ஆட்டம் தலைகீழாயிற்று. 104க்கு 87. சிறந்த ஆட்டக்காரர் பட்டம் இருபத்திரண்டு வயதான லெனர்டுக்கு. முன்னைய ஆண்டின் தண்ட எறியைத் தவறவிட்ட அதே கை!

இங்கேயே பேனையை வைத்துவிட்டால் கதை இனிமையாயிருக்கும். ஆனால் லெனர்டே பின்னர் விலகிப் போனார். 2017–18 பருவத்திலே தொடைத்தசை நோவினால் ஒன்பது ஆட்டங்களே ஆடினார். அவரைச் சேர்ந்தோருக்கும் கோஷ்டிக்குமிடையே நம்பிக்கை குலைந்தது. 2018 ஜூலையிலே ரொறன்ரோவுக்கு மாற்றப்பட்டார். அங்கே 82 ஆட்டங்களிலே அறுபதை மாத்திரம் ஆடி, அளவாக இளைப்பாறி, 2019இலே அந்தக் கோஷ்டிக்கு வாகை பெற்றுக்கொடுத்தார். சான் அன்டோனியோவிலே தொடங்கிய ஓய்வுக் கலை ஊரூராய்ப் பரவியிருந்தது. 2023–24 பருவந் தொட்டு, பெரிய விருதுகளுக்குத் தகுதி பெற அறுபத்தைந்து ஆட்டங்களாயினும் ஆடியிருக்க வேண்டுமென்று சங்கம் விதி செய்தது.

அந்த 2023–24 பருவம் பொப்போவிச்சுக்கு எதிராக எழுதுவோருக்கும் நிறையப் பொருள் தந்தது. பிரான்சின் அதிசயப் பிள்ளை விக்டர் வெம்பன்யாமா வந்து சேர்ந்திருந்தார். அவருடைய நிமிஷங்கள் சராசரி முப்பதுக்குள் அடக்கிவைக்கப்பட்டன. அதை நான் குறை சொல்லேன். வளரும் எலும்பு அது. ஆனால் இருபது வயதான ஜெரமி சொஹான் என்பவரை, அவருக்குப் பழக்கமில்லாத சுக்கான் இடத்திலே நிறுத்தி, ஆடி ஆடியே கற்கட்டும் என்று விட்டார். கோஷ்டி தொடர்ந்து பதினெட்டு ஆட்டங்களிலே தோற்றது. 2024 ஜனவரியிலேதான் அந்த இடத்துக்குரிய டிரே ஜோன்ஸ் முதல் ஐவருக்குத் திரும்பினார். பருவ முடிவிலே இருபத்திரண்டு வெற்றி, அறுபது தோல்வி. 2014இலே வெற்றிக்காகப் பங்கிட்ட அதே நிமிஷங்களை இப்போது கல்விக்காகச் செலவிட்டார். செலவு நியாயமானதே, ஆனால் இரண்டு மாதம் அதிகமாய்ச் செலவிட்டார் என்பது என் அபிப்பிராயம்.

இவற்றையெல்லாம் விட என் மனத்திலே ஆழப் பதிந்திருப்பது 2018 ஜனவரி மாதத்து நிகழ்ச்சியொன்று. பார்க்கருக்கு அப்போது வயது முப்பத்தைந்து. முன்னைய ஆண்டு மே மாதத்திலே தொடைத் தசைநார் அறுந்து, சத்திரசிகிச்சை பெற்று, ஆறு மாதங்களுக்கு மேல் வெளியே இருந்து மீண்டு வந்திருந்தார். அவருடைய இடத்துக்குப் பின்னே டிஜொண்டே மறே என்னும் இருபத்தொரு வயது இளைஞர் வளர்ந்துகொண்டிருந்தார். அவர் 2016ஆம் ஆண்டுத் தெரிவிலே இருபத்தொன்பதாவது பெயர், பார்க்கர் இருபத்தெட்டாவது. பொப்போவிச் பார்க்கரை அழைத்து, இனிக் காலம் வந்துவிட்டதென்று தாம் நினைப்பதாகச் சொன்னார். பத்திரிகையில் வாசித்தோ, ஆட்டத்துக்கு முன் பெயர் வரிசையைப் பார்த்தோ பார்க்கர் அதை அறிய நேரவில்லை. பத்தொன்பது வயதிலே அந்த இடத்தைக் கொடுத்த அதே வாய், பதினாறு ஆண்டுகளின் பின் அதைத் திருப்பிக் கேட்டது.

பார்க்கர் மறுக்கவில்லை. மறேக்குத் தாம் உதவுவதாகவே பத்திரிகையாளரிடம் சொன்னார். ஜனவரி 21ஆந் தேதி ஆட்டத்திலே மறே முதல் ஐவருள் ஒருவராகக் களமிறங்க, பார்க்கர் வாங்கிலே ஜினோபிலியின் அருகே இருந்தார். ஒரு காலத்திலே அவர்கள் மூவராயிருந்து வென்றதை அறிந்தவர்களுக்கு, அந்த இருவரையும் அங்கே கண்டது எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

அந்தக் கோடையிலே பார்க்கர் சார்லட் நகரக் கோஷ்டிக்குப் போனார். அக்டோபரிலே, பருவம் தொடங்குவதற்கு முன்னரே, மறேயின் முழங்கால் தசைநார் அறுந்தது. பொப்போவிச் மறுபடியும் ஓர் இளைஞரைத் தேடவேண்டியதாயிற்று. இம்முறை டெரிக் வைட். அவரும் இருபத்தொன்பதாவது பெயரே. 2019 ஜனவரியிலே சார்லட் கோஷ்டி சான் அன்டோனியோவுக்கு ஆட வந்தது. பார்க்கர் அப்பருவம் முழுவதும் செய்தது போலவே அன்றும் வாங்கிலிருந்து எழுந்து, மேலங்கியைக் கழற்றிவிட்டுக் களத்துள் இறங்கினார். சான் அன்டோனியோ மக்கள் எழுந்து நின்று கை தட்டினர். அன்று வென்றது சார்லட்.